ஆண்டவருக்குக் கல்யாணம் ஆச்சா?

போன ஞாயிறு சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். நாக்பூரில் எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம்தான். மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, ஜெபம், கடைசியில் இட்லி சாம்பார். (பாதிப் பேர் சாம்பாருக்குத்தான் வருகிறோம் என்பது ஆண்டவருக்கும் தெரியும்.) சாப்பிடும்போது, புதிதாக இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஒரு பையன் செல்போனை என் முன்னால் நீட்டினான். "அங்கிள், ஜீசஸுக்கு ஒய்ஃப் இருந்தாங்கன்னு பழைய பாப்பிரஸ்ல எழுதியிருக்காம். ஹார்வர்டுலயே சொல்லிட்டாங்களாம்."

பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு, அதில் கறுப்பு மையில் கோணல்மாணலாக எட்டு வரி. அந்தத் துண்டை எனக்கு நன்றாகவே தெரியும். அதைப் பற்றி இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த நீளம்.

எனக்கும் இந்தக் கேள்விக்கும் பழைய உறவு. 'டா வின்சி கோட்' படம் 2006ல் வந்தபோது தமிழ்நாட்டில் தடை போட்டார்கள், பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நான் இங்கே தியேட்டரிலேயே பார்த்துவிட்டேன். இயேசு மகதலேனா மரியாளைக் கல்யாணம் பண்ணினார், வாரிசு உண்டு என்று போகும் கதை. இடைவேளையில் சமோசா சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்து தூங்கினேன், விசுவாசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரச்சினை அக்காவை வைத்துத்தான்.

அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீடானாலும், அசன விருந்தானாலும், யாராவது ஒருவர் அவளைப் பிடித்து வைத்துக் கேட்காமல் விட மாட்டார்கள். எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஐயர் என்றால் பக்கத்தில் ஐயரம்மா இருந்தே ஆக வேண்டும். கத்தோலிக்கர்களைப் போலக் கன்னியாஸ்திரி ஆகிவிட்டாள் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அக்கா வைத்திருந்த பதில் ஒன்றே ஒன்று. "ஆண்டவரும்தான் கல்யாணம் பண்ணல." அதற்கு மேல் யாராலும் பேச முடியாது. வாய் அடைத்துப் போகும்.

2012 செப்டம்பர் 18ஆம் தேதி ரோமில், காப்டிக் மொழி அறிஞர்களின் மாநாட்டில், ஹார்வர்டு பேராசிரியை கேரன் கிங் இந்தத் துண்டை அறிவித்தார். எட்டு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர். நம்ம பஸ் டிக்கெட் அளவுதான். அதன் ஒரு வரியில், இயேசு தம் சீஷர்களிடம் 'என் மனைவி' என்று ஆரம்பிக்கிறார். அதோடு பாப்பிரஸ் முடிந்துவிடுகிறது. உலகம் முழுவதும் செய்தி. அந்த வருஷம் ஊரில் ஒரு கல்யாண வீட்டில் எங்கள் தாய்மாமா பந்தியில் வைத்தே கேட்டாராம்: "ஏ பிள்ள, ஆண்டவருக்கே வீட்டம்மா இருந்திருக்காங்களாம்ல. இனிமே எதைச் சொல்லுவ?" சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். என் மனைவிதான் போனில் சொன்னாள். அக்கா சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் நான் இதையெல்லாம் படிக்க உட்கார்ந்தேன். பி.காம். படித்தவனுக்கு காப்டிக் எதற்கு என்று கேட்காதீர்கள். கணக்குப் பார்க்கத் தெரியுமே, அது போதும் என்று நினைத்தேன்.

சுவிசேஷங்களில் இயேசுவுக்குக் கல்யாணம் ஆனது என்றும் இல்லை, ஆகவில்லை என்றும் இல்லை. அந்தக் காலத்து யூத ஆண் கல்யாணம் பண்ணாமல் இருக்கவே முடியாது, அதனால் ஆகியிருக்கும் என்பது ஒரு கட்சி. 1970ல் வில்லியம் ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் இதற்காகவே ஒரு புத்தகம் போட்டார். ஆனால் எரேமியாவைப் பெண் கொள்ள வேண்டாம் என்று ஆண்டவரே தடுத்ததாக வேதத்தில் இருக்கிறது. இயேசு காலத்து எஸ்ஸீனர்களில் பலர் கல்யாணமே வேண்டாம் என்று கூட்டமாக வாழ்ந்தவர்கள். ஆக, 'இருக்கவே முடியாது' என்பது நிற்காது.

எனக்குப் பட்ட பெரிய ஆதாரம் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஒன்பதாம் அதிகாரம். மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊழியத்துக்குப் போகும் உரிமை எங்களுக்கு இல்லையா என்று பவுல் வாதாடுகிறார். உதாரணத்துக்கு மற்ற அப்போஸ்தலர்களைச் சொல்கிறார், ஆண்டவருடைய சகோதரர்களைச் சொல்கிறார், பேதுருவைச் சொல்கிறார். ஆண்டவருக்கே மனைவி இருந்திருந்தால் அதை விட்டுவிட்டுத் தம்பிமாரையா உதாரணம் காட்டுவார்? லோன் கேட்டு வருகிறவன் சொந்த வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தம்பி வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்ட மாட்டான்.

மகதலேனாள் விஷயம் இன்னும் சுவாரசியம். லூக்கா எட்டாம் அதிகாரத்தில் இயேசுவோடு போன பெண்களின் பட்டியல் வருகிறது. யோவன்னாளை ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி என்று புருஷன் பெயரோடு சொல்கிறார்கள். மரியாளுக்கு மட்டும் ஊர்ப் பெயர், மகதலேனாள். அவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு அந்தக் கூட்டத்தை நடத்தியவர்கள். 1945ல் எகிப்தில் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளில் பிலிப்பு சுவிசேஷம் என்று ஒன்று உண்டு. அது மரியாளை அவருடைய 'துணை' என்கிறது. அதற்குப் பயன்படும் ஒரு சொல் கிரேக்கத்தில் 'கொய்னோனோஸ்'. அதே சொல்லைத்தான் லூக்கா, சீமோனோடு சேர்ந்து மீன் பிடித்த செபெதேயுவின் பிள்ளைகளுக்கும் போடுகிறார். நம் பாஷையில் பார்ட்னர்! மனைவிக்கும் சொல்லலாம், தொழில் கூட்டாளிக்கும் சொல்லலாம். அதே சுவடியில் இயேசு மரியாளை முத்தமிட்டதாக ஒரு வரி வருகிறது. எங்கே என்று சொல்ல வேண்டிய இடத்தில் சரியாக ஓட்டை.

பாவம், அந்த அம்மாளுக்கு நடந்ததுதான் அநியாயம். 591ல் போப் கிரகோரி ஒரு பிரசங்கத்தில் அவரையும் லூக்கா சொல்லும் பாவியான ஸ்திரீயையும் ஒன்றாக்கிவிட்டார். கத்தோலிக்க சபை தன் திருநாள் அட்டவணையில் அதைச் சரி செய்தது 1969ல். ஒருபக்கம் வேசி, இன்னொருபக்கம் ரகசிய மனைவி. உயிர்த்தெழுந்தவரை முதலில் பார்த்த சாட்சி என்பது நடுவில் எங்கோ காணாமல் போயிற்று. கேரன் கிங் இந்த அநியாயத்தைப் பற்றித்தான் வருஷக்கணக்காக எழுதிவந்தார். அந்தத் துண்டு கிடைத்தபோதும், இது இயேசுவுக்குக் கல்யாணம் ஆனதற்கு ஆதாரம் இல்லை, பிற்காலத்தில் சில கிறிஸ்தவர்கள் அப்படி நினைத்தார்கள் என்பதற்கே ஆதாரம் என்று தெளிவாகச் சொன்னார். டி.வி.க்காரர்கள் காதில் அது விழவில்லை.

துண்டைப் பரிசோதித்தார்கள். பாப்பிரஸ் பழசு, சுமார் ஏழு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு. மையும் பழைய காலத்துக் கரிமை மாதிரியேதான். 2014 ஏப்ரலில் ஹார்வர்டு பத்திரிகையில் கட்டுரை வெளியானது. அதே மாதம் கிறிஸ்டியன் ஆஸ்கெலண்ட் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் கவனித்தார். இதே ஆளிடமிருந்து வந்த யோவான் சுவிசேஷத் துண்டு ஒன்று, அதே கையெழுத்து. 1924ல் அச்சான ஒரு புத்தகத்தில் வரி எங்கெங்கே முடிகிறதோ, ஒரு வரி விட்டு ஒரு வரி, இங்கேயும் அங்கங்கே முடிகிறது! மனைவித் துண்டில் இருந்த சொற்களும் தோமா சுவிசேஷத்திலிருந்து வெட்டி ஒட்டியவை என்று ஏற்கனவே சிலர் காட்டியிருந்தார்கள். இன்டர்நெட்டில் இருந்த ஒரு பதிப்பில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. துண்டிலும் அதே எழுத்து இல்லை. காப்பி அடிக்கும் பையன் பக்கத்துப் பையனின் தப்பையும் சேர்த்து அடிப்பானே, அந்தக் கதை.

இப்போது என் கதை. 2014 மார்ச் கடைசி வாரம், நாக்பூருக்கு வெளியே ஒரு சின்ன ஊர்க் கிளையில் நான் மேனேஜர். டார்கெட் இன்னும் முடியவில்லை. ஒரு பெரியவர் வீட்டு மனைப் பத்திரத்தோடு வந்தார். வெள்ளைச் சட்டை, அடக்கமான பேச்சு, ஒரு பை ஆரஞ்சு. (ஆரஞ்சை வாங்கவில்லை. அதையும் விசாரணையில் கேட்டார்கள்.) முத்திரைத்தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வாட்டர்மார்க் சரி. சீல் சரி. வக்கீல் ஒப்பீனியன் சரி. மூலப் பத்திரம் மட்டும் ஜெராக்ஸ். விற்றவர் இறந்துவிட்டார், சாட்சிகளும் இறந்துவிட்டார்கள். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு நடை போயிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். நான் போகவில்லை. பதினெட்டு லட்சம்.

2016 ஜூனில் குற்றப்பத்திரிகைக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, ஏரியல் சபர் என்ற பத்திரிகையாளர் 'தி அட்லாண்டிக்' இதழில் எழுதிய நீண்ட கட்டுரையைப் படித்தேன். அவர் மையையும் பார்க்கவில்லை, பாப்பிரஸையும் பார்க்கவில்லை. கொடுத்த ஆள் யார் என்று தேடிப் போனார். புளோரிடாவில் இருந்த ஒரு ஜெர்மானியர். பெர்லினில் எகிப்தியல் படித்துப் பாதியில் விட்டவர். கிங்கிடம் அவர் கொடுத்த வாங்கிய பத்திரம், பேராசிரியர் கடிதம் எல்லாம் நகல்கள். அதில் பெயர் வரும் ஆட்கள் எல்லாரும் செத்துப்போனவர்கள். தான் போலி செய்யவில்லை என்று அவர் மறுத்தார். ஆனால் துண்டு போலியாகத்தான் இருக்கும் என்று கிங்கே ஒத்துக்கொண்டார். கொடுத்த ஆளின் பின்னணியை அவர் விசாரிக்கவில்லை என்ற இடத்துக்கு வந்தபோது நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஹார்வர்டு எங்கே, இந்தக் கிளை எங்கே!

மணி பத்தரை. அக்காவுக்குப் போன் போட்டேன். "அக்கா, அந்தத் துண்டு போலியாம். மாமாகிட்டச் சொல்லு."

"எந்தத் துண்டுல?" அவளுக்கு நினைவே இல்லை. விளக்கினேன். சிரித்தாள்.

"ஏல, நான் கல்யாணம் முடிக்காம இருந்ததுக்கு ஆண்டவரா காரணம்? அப்பா போனப்ப நீ பிளஸ் ஒன். அம்மா கையில ஒண்ணும் கிடையாது. எல்லாத்தையும் பந்தியில வச்சுச் சொல்ல முடியுமா? வாயில வந்ததைச் சொல்லிட்டு வந்தேன்." என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. அவளே கேட்டாள். "அது கெடக்கட்டும். இந்நேரத்துல போன் பண்ணுத, குரலே சரியில்லையே. என்ன விஷயம்?"

அதுவரை ஊரில் யாரிடமும் சொல்லாத லோன் கதையைச் சொன்னேன். சம்பளத்தில் கை வைப்பார்கள் போலிருக்கிறது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இருபதாயிரம் இருக்கு. அனுப்பட்டா?"

வேண்டாம் என்றேன். மறுநாள் மத்தியானம் அக்கவுண்ட்டில் விழுந்திருந்தது.