முனை மழுங்கிய மெக்பெத் சீமாட்டி

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியை ஒட்டி, சாரிங் கிராஸ் சாலையைப் பார்த்தபடி ஹென்றி இர்விங் வெண்கலமாக நிற்கிறார். அந்நாட்டு நாடகக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு 1910-இல் வைத்த சிலை. நடிகர் ஒருவருக்கு ‘சர்’ பட்டம் முதன்முதலில் கிடைத்தது இவருக்குத்தான், 1895-இல். இந்த ஊருக்கு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் என் காரியத்தைத் தொடங்குவேன். காரியம் என்ன? விக்டோரியா ராணி காலத்தில் மேடையேறியவர்களின் போட்டோ அட்டைகளைத் தேடி அலைவது. வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை, தூறல். சிலையிலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் செசில் கோர்ட் என்ற சந்து. இரண்டு பக்கமும் பழைய புத்தகக் கடைகள், வரைபடக் கடைகள். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நான் தேடும் சரக்கே வரிசையாக நிற்கிறது. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறைக்குள், முனை மடங்காமல், கறை படியாமல், நேற்று ஸ்டூடியோவிலிருந்து வந்ததுபோல. விலைச்சீட்டைப் பார்த்ததும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விட்டது. உள்ளே போகவில்லை. காசு மட்டும் காரணமில்லை. அப்படிப் பளிச்சென்று இருக்கும் அட்டை யாரும் தொடாமல் கிடந்த அட்டை என்று எனக்குத் தோன்றும். சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் தேடிப் போன சந்தை கூடியது சாரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அடியில், கார் நிறுத்தும் தளத்தில். சிமென்ட் தூண்கள், குழல் விளக்கு, ஈரக் கோட்டு வாசனை. மடக்கு மேசைகளில் தபால்தலை, நாணயம், பதக்கம், பழைய அஞ்சலட்டை. மூலையில் ஒரு மேசைக்குப் பின்னால் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, விரல் நுனி வெட்டிய கையுறையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். “நடிகர்கள் இருக்கிறார்களா?” என்றேன். “மூன்றாவது பெட்டி. பாதிரியார்களோடு கலந்து கிடப்பார்கள், பார்த்து எடுங்கள்” என்றார்.

பெட்டி என்றால் செருப்புப் பெட்டிதான். அதற்குள் இரண்டு அளவில் அட்டைகள். சின்னது விசிட்டிங் கார்டு அளவு. பாரிஸில் டிஸ்டெரி என்பவர் 1854-இல் காப்புரிமை வாங்கிய முறை. ஒரே கண்ணாடித் தகட்டில் பல லென்ஸ் வைத்து எட்டுப் படம் எடுத்து, வெட்டி, அட்டையில் ஒட்டிவிடுவது. செலவு குறைந்தது, முகம் சரக்காகிவிட்டது. நடிகையின் படம் ஒரு ஷில்லிங்குக்குக் கடை ஜன்னலில் தொங்கத் தொடங்கியது அப்படித்தான். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் பல்லி மிட்டாய்க்குப் பக்கத்தில் சினிமா நட்சத்திரப் படம் தொங்கியதே, அதற்குக் கொள்ளுத்தாத்தா இது. பெரிய அளவுக்குக் கேபினட் என்று பெயர், உள்ளங்கையை மறைக்கும். சின்ன அட்டை மோகம் தணிந்து வியாபாரம் படுத்தபோது, 1866-இல் லண்டன் போட்டோகிராபர் விண்டோ என்பவர் கொண்டுவந்த யோசனை அது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

பெட்டிக்குள் கைவிட்டதும் நான் முதலில் செய்வது அட்டையைத் திருப்புவது. முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கத்தில்தான் ஸ்டூடியோ பெயர், தெரு, கதவு எண் எல்லாம் இருக்கும். போட்டோகிராபர்கள் அடிக்கடி இடம் மாறியதால் கதவு எண்ணே வருஷத்தைச் சொல்லிவிடும். முனை கூராக, அட்டை மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் 1860-கள். முனை வட்டமாக வெட்டியிருந்தால் எழுபதுகளும் அதற்குப் பிறகும். தடித்த அட்டை, பொன்னிற ஓரம் என்றால் எண்பது, தொண்ணூறு. அமெரிக்க அட்டையில் வரி முத்திரை ஒட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்றது. உள்நாட்டுப் போர்ச் செலவுக்காகப் போட்ட வரி, நடிகை படத்தையும் விடவில்லை.

முதல் கையில் நான்கு பாதிரியார், ஒரு நாய், ஒரு கல்யாண ஜோடி. அடுத்த கையில் சரோனி வந்துவிட்டார். நியூயார்க்கின் நெப்போலியன் சரோனி. அட்டையின் அடியில் சாய்வாக ஓடும் அந்தக் கிறுக்கல் கையெழுத்தை எட்டடி தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடலாம். மேடை நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்துப் படம் எடுத்து, அதை விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர். சாரா பெர்ன்ஹார்ட்டுக்கு 1,500 டாலர், லில்லி லாங்ட்ரிக்கு 5,000 டாலர் கொடுத்தார் என்று இந்த வட்டாரத்தில் இன்னும் வாய் பிளந்து பேசுவார்கள். அவ்வளவு கொடுத்தவர் நகலடித்தவனைச் சும்மா விடுவாரா? 1882-இல் எடுத்த ஆஸ்கர் வைல்டு படத்தை ஒரு லித்தோ கம்பெனி அச்சடித்து விற்க, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இயந்திரம் எடுக்கும் படத்துக்கு ஏது ஆசிரியர் என்பது எதிர்த்தரப்பு வாதம். உட்காரவைத்தது, உடுத்தவைத்தது, வெளிச்சம் அமைத்தது எல்லாம் சரோனி, ஆகவே அவரே ஆசிரியர் என்று 1884-இல் தீர்ப்பு. போட்டோவுக்குப் பதிப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது அன்றைக்கு.

என் கையிலிருந்த சரோனியில் முகம் மங்கி மஞ்சளாகியிருந்தது. முட்டை வெள்ளைக்கருவின் வேலை. அந்தக் காலத் தாளில் வெள்ளைக்கருவைப் பூசி, அதன் மேல் வெள்ளி உப்பு ஏற்றித்தான் படம் அச்சிட்டார்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் ஒரே தொழிற்சாலை நாளுக்கு 60,000 முட்டை உடைத்ததாகக் கணக்கு இருக்கிறது. மஞ்சள் கருவை என்ன செய்தார்களோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இந்த முட்டைத்தாள்தான் நமக்குத் துணை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் தாளின் நார் மெலிதாகத் தெரியும், நிறம் விட்டுவிட்டு வராமல் ஒரே ஓட்டமாக இருக்கும். பத்திரிகைப் படம்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்கால அச்சு. சத்தம் போடாமல் பெட்டியில் திரும்ப வைத்துவிட வேண்டியதுதான்.

இதைக் கற்க நான் கட்டணம் கட்டியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் வேறோர் ஊர்ச் சந்தையில், நடிகையின் கையெழுத்துப் போட்ட அட்டை என்று ஒருவர் நீட்ட, பேரம்கூடப் பேசாமல் நாற்பது பவுண்டு கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து இன்னொரு கடையில் அதே நடிகை, அதே படம், அதே கையெழுத்து, கடைசி எழுத்தின் சுழி உட்பட. படத்தோடு சேர்த்துக் கையெழுத்தையும் அச்சடித்து விற்பது அன்றைய வழக்கம். பேனா மை தாளின் மேல் ஏறி உட்காரும், கோடு திரும்பும் இடத்தில் தேங்கும். அச்சில் அது இருக்காது. ஏமாற்றினார் என்று விற்றவரைச் சொல்லமாட்டேன். அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டால் இரவில் தூக்கம் வருகிறது.

பெட்டியின் அடியில், ஒரு பிஷப்புக்கும் யாரோ பட்டாளத்துக்காரருக்கும் நடுவில், நடிகை எலன் டெரி இருந்தார்.

கேபினட் அளவு. கீழே விண்டோ அண்ட் குரோவ், பேக்கர் தெரு, அந்த விண்டோவேதான். லைசியம் தியேட்டரில் 1888 டிசம்பர் 29 அன்று இர்விங் மேடையேற்றிய மெக்பெத் நாடகத்தில் மெக்பெத் சீமாட்டி வேடம். இரண்டு நீண்ட பின்னல் முழங்கால்வரை இறங்குகிறது. உடம்போடு ஒட்டிய, தரையில் புரளும் அங்கி. அந்த அங்கிதான் விசேஷம். பின்னல் துணியில் சுமார் ஆயிரம் பொன்வண்டுச் சிறகுகளை வைத்துத் தைத்தது. தீப்பெட்டிக்குள் இலை போட்டு நாம் வளர்த்தோமே, அந்தப் பொன்வண்டு ஜாதிதான். மேலோடு பச்சையும் நீலமுமாக மின்னும், எத்தனை வருஷமானாலும் நிறம் போகாது. அங்கி இன்றும் கென்ட் மாவட்டத்தில் எலன் டெரி வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டில் இருக்கிறது. செப்பனிட மட்டும் லட்சம் பவுண்டுக்கு மேல் ஆனது. ஓவியர் சார்ஜென்ட் அதே உடையில் அவரை 1889-இல் தீட்டிய படம் டேட் பிரிட்டனில்.

பூதக்கண்ணாடியை அங்கியின் மேல் நகர்த்தினேன். பச்சை இல்லை, நீலம் இல்லை. கடுகைச் சிந்தியதுபோலச் சின்னச் சின்ன வெளிச்சங்கள், அவ்வளவுதான். ஓவியத்தில் தீயாக எரியும் சிவப்புப் பின்னல் இங்கே கறுத்த கயிறு. அன்றைய தகடுகளுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது, இருட்டாகிவிடும். மேடையிலேயே எடுத்த படம் என்றும் நினைத்துவிடக் கூடாது. லைசியத்தில் எரிந்தது எரிவாயு விளக்கு. அந்த வெளிச்சத்தில் இப்படி எடுக்க வழியில்லை. உடையை மூட்டை கட்டிக்கொண்டு கண்ணாடிக்கூரை போட்ட ஸ்டூடியோவுக்குப் போய், பட்டப்பகலில் கொலைகாரியாக நின்றிருக்கிறார். நடிப்பு படத்தில் இல்லை. நடிப்பைப் பார்த்தவர்கள் நினைவு வைத்துக்கொள்ள வாங்கிய அடையாளச்சீட்டு இது.

எலன் டெரியைப் பொறுத்தவரை ஆயுள் முழுவதையும் அட்டைகளாக அடுக்கிவிடலாம். ஒன்பது வயதில், 1856-இல், சார்ல்ஸ் கீன் கம்பெனியில் குழந்தை வேடத்தில் பொம்மை வண்டியோடு ஒரு படம். பதினேழைத் தொடும் முன்பே, நாற்பத்தாறு வயது ஓவியர் வாட்ஸுக்கு மனைவியாகிப்போன 1864-இல் இன்னொன்று: சுவரில் சாய்ந்து கண்மூடி நிற்கிறார். எடுத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரன். அந்த அம்மா பிற்பாடு கணவரின் காப்பித் தோட்டங்களைத் தேடி இலங்கைக்குப் போய், தோட்டத் தொழிலாளிகளையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே இறந்துபோனார். போகவந்தலாவையில் கல்லறை. எலன் டெரிக்கும் வாட்ஸுக்கும் நடந்த கல்யாணம் ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கு வயதே ஆகவில்லை. இப்படிப்பட்டது செருப்புப் பெட்டியில் கிடைக்காது, கிடைத்தாலும் எனக்குக் கட்டுப்படியாகாது.

என் அட்டைக்கு வருவோம். நான்கு முனையும் மழுங்கியிருக்கிறது. மேலே ஊசி குத்திய துளை. அடிப்பக்கம் கத்தரியால் கொஞ்சம் நறுக்கியிருக்கிறார்கள். ஆல்பம் பக்கத்தின் பொந்துக்குள் நுழையாத அட்டைக்கு வழக்கமாக நடக்கும் சடங்கு.

“அதுவா? அதற்குப் பேப்பர் விலைதான்” என்றார் அம்மா. “முனை போய்விட்டது, துளை வேறு. பன்னிரண்டு கொடுங்கள்.”

“பத்து?”

“பின்னால் வேறு கிறுக்கியிருக்கிறார்கள். சரி, பத்து.”

கிறுக்கலைச் சொல்லி விலையைக் குறைத்தார். நான் அதற்காகவே வாங்கினேன் என்று சொல்லவில்லை. தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டு, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

ஸ்ட்ராண்ட் வழியாகப் பத்து நிமிடம் நடந்து வெலிங்டன் தெருவுக்கு வந்தேன். தூறல் மழையாகிவிட்டது. லைசியத்தில் இப்போது ‘லயன் கிங்’ நாடகம். வாசலில் குழந்தைகள் கூட்டம். உள்ளே அரங்கம் 1904-இல் புதிதாகக் கட்டியது, இர்விங்கின் மேடையில்லை. முகப்பின் ஆறு தூண்கள் மட்டும் பழசு, 1834. அதன் கீழே ஒதுங்கி, செய்தித்தாளைப் பிரித்து, அட்டையைத் திருப்பினேன்.

பென்சில் எழுத்து, வலப்பக்கம் சாய்ந்த பள்ளிக்கூடக் கையெழுத்து. மூன்று வரி. ‘லைசியம், கேலரி, 1 ஷில்லிங்.’ அடுத்து ‘1889 பிப்ரவரி.’ பெயர் இல்லை. இரண்டு ஷில்லிங் வரை விற்ற படம்; உட்கார்ந்து பார்த்த இடத்தைவிட நினைவுக்கு அதிகம் கொடுத்திருக்கலாம் அந்த ஆள். மூன்றாவது வரி தேய்ந்திருந்ததால் அட்டையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது: ‘வாசலில் இரண்டு மணி நேரம். நல்ல மழை.’