முசிறிக்கும் புகாருக்கும் நடுவே

திங்கள்

கோவைக்குக் கிட்டத்தில் இருக்கும் கடல் வங்கக் கடல் அல்ல, அரபிக் கடல். மெரினாவில் கால் நனைக்க ஏறத்தாழ 500 கி.மீ. போக வேண்டும், கொச்சிக்கு 190 கி.மீ. போதும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித்தான் போகிறோம் என்றாலும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவுகூடக் கிடையாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏற 40 வளைவுகள் திரும்ப வேண்டியிருக்கும் அதே மலைத்தொடர், வாளையாரில் மட்டும் விலகி வழி விடுகிறது.

சின்னியம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வீட்டில் இன்றைக்கு அந்தப் பயணம் முடிவானது. அவரும் மனைவியும், கல்லூரியில் வரலாறு படிக்கும் மகளும், முழங்கால் வலியுள்ள ஆத்தாவும் சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார்கள். செல்போன் வரைபடம் நான்கு மணி நேரம் என்று காட்டியது. அதைப் பட்டறைக்காரர் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்டர் நோட்டில் ஒரு புதுப் பக்கம் திருப்பி, ஊர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்று குறித்தார். இந்தச் சாலையில் தூரத்தைவிட நேரம்தான் முக்கியம். காலை ஏழு மணிக்கு அரை மணி நேரத்தில் கடக்கும் இடத்தை மாலை ஆறு மணிக்குக் கடக்க அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகலாம்.

வாரத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை சபரிமலை வண்டிகள் இந்தச் சாலையை நிறைத்துவிடும். குடியரசு நாளை ஒட்டிய விடுமுறையிலும் கூட்டம் இருக்கும். இரண்டும் கழிந்த ஒரு வாரக் கடைசி போதும் என்று தீர்மானமானது.

செவ்வாய்

வீட்டிலிருந்து வாளையாருக்கு இரண்டு வழிகள். நீலாம்பூர் போய் எல் அண்ட் டி பைபாஸில் ஏறினால் சுமார் 28 கி.மீட்டரில் மதுக்கரை. ஊருக்குள் நுழையாமல் போகலாம்தான். ஆனால் இன்னும் இருவழிச் சாலை, நடுவே தடுப்பு கிடையாது, குறுக்குச் சாலைகள் பல. விடியாத நேரத்தில் எதிரே வரும் லாரியின் முகவிளக்கில் கண் கூசிப்போகும். ‘எல் அண்ட் டி ரோடு’ என்றாலே கோவையில் பலருக்கும் ஏதாவது ஒரு விபத்து நினைவுக்கு வரும்.

இரண்டாவது வழி ஊர் வழியாகப் போவது. சில ஆண்டுகளுக்கு முன் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலம் திறந்தார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழிலைத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் பெயர் அதற்கு. கோல்டுவின்ஸில் ஏறினால் உப்பிலிபாளையத்தில் இறங்கலாம். அங்கிருந்து உக்கடம் போனால், 2024 ஆகஸ்டில் திறந்த ஆத்துப்பாலம் மேம்பாலம் பாலக்காட்டுச் சாலையில் இறக்கிவிடுகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு இதுவே நல்ல வழி என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

வாளையாருக்கு அப்பால் பழைய 47, இன்றைய 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஒரே சாலை போலத் தோன்றினாலும் மூன்று குணம் கொண்டது. வாளையாரிலிருந்து வடக்கஞ்சேரி வரை நான்கு வழி. அங்கிருந்து திருச்சூரை ஒட்டிய மண்ணுத்தி வரை ஆறு வழி. இந்தத் துண்டில்தான் குதிரான் இருக்கிறது. முன்பு பீச்சி–வாழானி சரணாலயக் காட்டுக்குள் ஏறி இறங்கும் அந்த மேட்டில் ஒரு லாரி நின்றுவிட்டால் மணிக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும். கேரளத்தின் முதல் நெடுஞ்சாலைச் சுரங்கங்கள் அங்கே வந்தன. 2021 ஜூலை கடைசியில் ஒன்றும், 2022 ஜனவரியில் மற்றொன்றும் திறந்தன. ஒரு கி.மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். ஓரிரு நிமிடத்தில் வெளிச்சத்துக்கு வந்துவிடலாம்.

மூன்றாவது துண்டு, மண்ணுத்தியிலிருந்து அங்கமாலி வழியாக இடப்பள்ளி வரை. ஆம்பல்லூர், முரிங்ஙூர், கொரட்டி என்று சந்திப்புக்குச் சந்திப்பு அடிப்பாதை வேலை நடந்ததில் வண்டிகள் ஊர்ந்தன. சாலை இப்படி இருக்கக் கட்டணம் எதற்கு என்ற வழக்கில், 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் வசூலையே நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் அந்த உத்தரவில் தலையிட மறுத்தது. அக்டோபரில்தான் வசூல் மறுபடி தொடங்கியது. பணம் கட்டுகிறவருக்குச் சாலையில் தடையின்றிப் போகும் உரிமை உண்டு என்பதை இந்த வழக்கு நாட்டுக்கே எடுத்துச் சொன்னது.

இந்த மூன்றாவது துண்டை எட்டு மணி வாக்கில் தொட்டுவிட வேண்டும். மற்ற நேரங்களை எல்லாம் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

புதன்

இன்றைக்கு நோட்டு மகள் கைக்குப் போனது. அவள் சேர்த்த ஊர் பட்டணம். வடக்கு பறவூருக்குப் பக்கத்திலுள்ள இந்தச் சிற்றூரில் 2007 முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் அகழாய்வு செய்தது. ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள், மணிகள், செங்கல்லால் கட்டிய படகுத்துறை, ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு மரத்தோணி என்று பலவும் வெளிவந்தன. சங்க இலக்கியம் சொல்லும் முசிறித் துறைமுகம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

முசிறிக்கும் கொங்கு நாட்டுக்கும் என்ன உறவு? அதற்குக் கோவையைச் சுற்றிலுமே விடை கிடைக்கிறது. 1842இல் வெள்ளலூரில் 500க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கத்திலுள்ள கொடுமணலில் 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது. கல்மணி பட்டை தீட்டிய இடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், தமிழ் பிராமி எழுத்துகள் கீறிய பானை ஓடுகளும் வெளிப்பட்டன. காங்கேயம் பக்கத்துப் படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்போன ஊர். அங்கே எடுத்த கல் கொடுமணலில் மணியாகி, மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறிக்கும், கிழக்கே கரூர் தாண்டிக் காவிரிக் கரையோடு பூம்புகாருக்கும் போயிருக்க வேண்டும். மேல்கடலிலும் கீழ்கடலிலும் இருந்த இரண்டு துறைமுக நகரங்களை இணைத்த நெடுஞ்சாலை கொங்கு நாட்டின் நடுவே ஓடியது.

அந்தச் சாலைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. கோவைப்புதூரை அடுத்த சுண்டக்காமுத்தூர் மலைப்பாறையில் தமிழிலும் வட்டெழுத்திலும் ‘ராசகேசரிப் பெருவழி’ என்ற பெயர் பொறித்திருக்கிறது. 9ஆம் நூற்றாண்டுச் சோழர் காலத்தது என்கிறார்கள். நிலத்தின் அமைப்பு மாறாததால் வழியும் மாறவில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 முதல் 40 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கும் கணவாய் அது. 1766இல் ஹைதர் அலி பாலக்காட்டுக் கோட்டையைக் கட்டியதும் இந்த வாசலைக் காக்கத்தான். 1861இல் மேற்குக் கரையில் பேப்பூரிலிருந்து திரூர்வரை போட்ட ரயில் பாதை, அடுத்த ஆண்டே போத்தனூர் வழியாகச் சென்னையோடு சேர்ந்தது. மறுபடியும் இரண்டு கடற்கரை நகரங்கள், நடுவே கொங்கு நாடு.

வியாழன்

“அப்பா, சனிக்கிழமை மட்டாஞ்சேரி யூதர் கோயில் மூடியிருக்குமாம்ப்பா” என்று மகள் சொன்னதும் திட்டம் தலைகீழானது. 1568இல் கட்டிய பரதேசி சினகாக் அது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். பக்கத்திலுள்ள டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே பட்டணமும் பறவூரும் சனிக்கிழமைக்கு வந்தன, கோட்டைக் கொச்சி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது.

இந்த மாற்றத்தால் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. ஆலுவாவிலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் பறவூர் போய்விட்டால், அங்கிருந்து செறாய் கடற்கரை, பிறகு வைப்பின் தீவு, அதன் தென்முனையில் காரையே ஏற்றிக்கொண்டு அக்கரையில் விடும் ரோ–ரோ படகு. 2018 முதல் ஓடும் இந்தப் படகில் சில நிமிடத்தில் கோட்டைக் கொச்சி. இடப்பள்ளி நெரிசலுக்கும் எறணாகுளம் நகரத்துக்கும் போகவே வேண்டியதில்லை. காயலைக் காரோடு கடப்பது என்றதும் ஆத்தாவுக்கே முகம் மலர்ந்தது.

ஆத்தாவின் நிபந்தனை ஒன்றுதான். “ராத்திரியில வேண்டாங் கண்ணு. வெளிச்சத்துலயே வாளையாரைத் தாண்டிப்போடோணும்.” அதில் நியாயம் இருக்கிறது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே யானைகள் மலையிறங்கும் காடு. 2021 நவம்பரில் நவக்கரையில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்த பிறகு, மதுக்கரை வனப்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களோடு கண்காணிப்புக் கோபுரங்கள் வந்தன. 2024 பிப்ரவரியிலிருந்து செயல்படுகின்றன. ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கொச்சியை விட வேண்டும் என்று நோட்டில் ஏறியது.

வெள்ளி

வண்டி வேலைக்கான நாள். டயர் சூடேறுவதற்கு முன்பு காற்றழுத்தம் பார்க்க வேண்டும். ஓடிவந்த டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். ஸ்டெப்னியையும் சேர்த்தே பார்த்தார். ஜாக்கி, வீல் ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம் எல்லாம் டிக்கியில் ஏறின. ஆர்சி, காப்பீடு, புகைச் சான்று, உரிமம் ஆகியவற்றை டிஜிலாக்கரில் வைத்தால் சட்டப்படி செல்லும். ஆத்தாவின் மாத்திரைகள் முன் சீட்டிலேயே, கைக்கெட்டும் இடத்தில்.

“டீசல் இங்கயே போட்டுக்கோணுமுங்க” என்றார் மனைவி. கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. குறைந்தவரை மிச்சம்.

போகும் வழியில் கேரளத்தில் மூன்று சுங்கச்சாவடிகள்: பாம்பாம்பள்ளம், பன்னியங்கரை, பாலியேக்கரை. 2025 ஆகஸ்ட் 15 அன்று சொந்தக் கார்களுக்கு ஓராண்டு ஃபாஸ்டேக் பாஸ் 3,000 ரூபாயில் அறிமுகமானது. ஓராண்டு அல்லது 200 கடப்புகள், எது முந்துகிறதோ அதுவரை செல்லும். அந்த விலையில் கணக்குப் போட்டால் ஒரு சாவடிக்கு 15 ரூபாய். சேலம் பக்கமும் கொச்சிப் பக்கமும் அடிக்கடி போய்வருகிற கோவைக் குடும்பத்துக்கு இது நிச்சயம் லாபம்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. 2023 ஜூலை முதல் கேரளத்தில் கார்களுக்கு ஆறு வழி தேசிய நெடுஞ்சாலையில் 110, நான்கு வழியில் 100 கி.மீ. உச்சவரம்பு. அதே ஆண்டு ஜூனில் மாநிலம் முழுதும் 726 கேமராக்கள் இயங்கத் தொடங்கின. சீட் பெல்ட் போடாததையும், ஓட்டும்போது செல்போன் பேசுவதையும் அவை பிடித்துவிடும். அபராதத்துக்குப் பயந்து அல்ல, ஆத்தா உட்பட எல்லோரும் வீடு வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பின் சீட்டிலும் பெல்ட் என்று முடிவானது.

சனி

இருட்டிலேயே கிளம்பினார்கள். இரண்டு மேம்பாலங்களும் வெறிச்சோடிக் கிடந்தன. மதுக்கரை தாண்டியதும் முதுகுப் பக்கமிருந்து காற்று வண்டியைத் தள்ளியது. தை மாதத்தில் கணவாய்க்குள் கிழக்குக் காற்று. ஆடி மாதம் வந்தால் இதே வாசலில் மேற்குக் காற்று நுழைந்து கோவையைக் குளிர்விக்கும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் காடுகளில் காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் காற்றினால்தான்.

பாலக்காட்டுக்கு முன்னால் நெடுஞ்சாலையை விட்டுச் சில கி.மீ. உள்ளே போனால் ராமசேரி. தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த முதலியார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இட்லி சுடும் ஊர். மண்பானை வாயில் நூல் வலை கட்டி, துணி விரித்து, விறகடுப்பில் அவித்தெடுக்கும் தட்டையான இட்லி அது. தேங்காயெண்ணெய் குழைத்த பொடியோடு தருகிறார்கள். ஆத்தா எழுந்து நடக்க ஓர் இடம், ஓட்டியவருக்கு ஓய்வு, எல்லோருக்கும் காலைப் பலகாரம். நிறுத்தத்தை இப்படித் தேர்ந்தெடுத்தால் ஓய்வும் பயணத்தின் ஒரு பகுதியாகிவிடும்.

குதிரான் சுரங்கம் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஆம்பல்லூரில் வண்டிகள் மெல்ல நகர்ந்தன. ஆனாலும் நோட்டில் அதற்கென்று ஒதுக்கிய அரை மணி நேரம் மிச்சமிருந்தது. முற்பகலில் பட்டணம், பிறகு சேந்தமங்கலம் பாலியம் அரண்மனை, மாலையில் செறாய்.

ஞாயிறு

யூதர் கோயில், சீனவலை, மிளகு மணக்கும் மட்டாஞ்சேரித் தெரு. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பியதால் கொரட்டி நெரிசல் அரை மணி நேரத்தைத் தின்றும், பொழுது சாய்வதற்கு முன்பே வாளையாரைத் தாண்டினார்கள். ஆத்தாவின் நிபந்தனை நிறைவேறியது.

நோட்டுப் பக்கத்தைப் பார்த்தால் பயன்பட்ட குறிப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. விடியலுக்கு முன் புறப்பாடு, ஆலுவாவில் இறங்கிப் படகு வழி, மதியமே திரும்புதல். கொச்சி போகிற கொங்கு நாட்டுக் குடும்பங்கள் இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வழியில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்ற எண்ணைச் செல்போனில் பதிந்துவையுங்கள். பிள்ளைகள் உடன் வந்தால், கிளம்புவதற்கு முன் ஒரு மாலை சுண்டக்காமுத்தூர்க் கல்வெட்டைக் காட்டிவிட்டு, பட்டணத்தில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள். தாங்கள் போகும் சாலை யார் யாருடையது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.