கரைவதும் கரையாததும்

மருத்துவக் கையுறைத் தொழிற்சாலைகள் மிகுந்த கிள்ளான் மேரு வட்டாரத்தில், ரப்பர்ப் பாலிலிருந்து கையுறைக்கு வந்து சேரும் புரதத்தை அளந்து சொல்வதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு, புரதங்களின் வகைப்பாடு என்பது பரீட்சை முடிந்ததும் மறந்துவிடத்தக்க பாடமன்று. பிரிக்பீல்ட்ஸில் என்னிடம் உயிர்வேதியியல் கற்க வரும் பிள்ளைகளோ, நீரில் கரைவது ஆல்புமின், தூய நீரில் கரையாமல் உப்பு நீரில் கரைவது குளோபுலின் என்ற பழைய பாகுபாட்டை எடுத்தாலே, "இது இப்போது யாருக்கு வேண்டும் சார்? அமினோ அமில வரிசையே கையில் இருக்கிறதே" என்கிறார்கள். வரிசையின் அருமையை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு வஸ்துவை மற்றொன்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியவனுக்கு, அது எதில் கரையும் என்பதே முதல் ஞானம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதிதாக இறங்கிய பாலில் ரப்பர் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரையிலும், புரதம் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கும் இருக்கும். அச்சிறு பங்கில் ஒரு பகுதி கொழுப்புப் பொருள்களோடு சேர்ந்து ரப்பர்த் துகள்களைப் போர்த்தி, அவற்றுக்கு எதிர்மின்னேற்றம் தந்து, ஒன்றையொன்று விலகச் செய்வதனாலேயே பால் பாலாக இருக்கிறது. தோட்டத்து ஸ்டோரில் மங்குப் பாலை ஒன்றாக ஊற்றி ஆசிட் கலந்த நம் முன்னோர், அப்புரதங்களை மின்னேற்றமற்ற சமமின் புள்ளிக்குக் கொண்டுபோய், அந்தக் காவலைத் தினந்தோறும் நீக்கியவர்களே.

கோலாலம்பூரில் 1925-இல் தோன்றிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் ஆசிய இயக்குநராகப் பின்னாளில் விளங்கிய பி. சி. சேகர், சிலாங்கூர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். அவரும் ஆர்ச்சர் என்ற ஆய்வாளரும் 1955-இல் பாலின் சீரத்திலிருந்து ஆல்பா குளோபுலினைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். அந்தப் பெயரிலேயே கரைதிறனின் முத்திரை இருப்பதைப் பிள்ளைகளுக்கு நான் சுட்டிக்காட்டாமல் விடுவதில்லை.

கையுறை வார்க்கும் பீங்கான் அச்சின்மேல் படிந்த பாலேடு காயும்போது, உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புக்கு வர, கரையும் புரதங்களும் அதனுடன் வந்து சேர்கின்றன; ஆதலால், சூட்டடுப்பைத் தாண்டியபின் வெந்நீரில் மறுபடி அலசுவது பெரும் பயன் தருகிறது. தொட்டி நீரை ஓயாமல் புதுப்பிக்க வேண்டும். கரைந்த புரதம் நிறைந்துபோன நீர் எத்தனை சூடாயிருந்தாலும் வாங்கிக்கொள்ளாது. அதன்பின் மிஞ்சுவதை நீரில் இறக்கி, அமிலத்தால் வீழ்படிவாக்கி, காரத்தில் கரைத்து, லௌரி முறையில் எழும் நீலத்தைக் கொண்டு, ஒரு சதுர டெசிமீட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

ஆனால் அந்த எண் முழு உண்மையைச் சொல்வதில்லை. செவிலியரையும் மருத்துவரையும் வாட்டிய ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமானவை ஹெவின் போன்ற கரையும் புரதங்கள். 43 அமினோ அமிலங்களே கொண்ட ஹெவின், நான்கு கந்தகப் பாலங்களால் இறுகக் கட்டப்பட்டிருப்பதால் வெப்பத்துக்கு எளிதில் குலையாது. மாவுத்தூளில் ஒட்டி இத்தகையவை காற்றிலும் பரவின. 2017-இல் அமெரிக்கா தூளிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம். முதுகெலும்பு மூடாமல் பிறந்து, பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு உள்ளாகும் குழந்தைகளையோ, ரப்பர்த் துகளோடு பிணைந்து நீரில் எளிதில் இறங்காத ஹெவ் பி 1, ஹெவ் பி 3 என்னும் புரதங்களே பெரிதும் தாக்குகின்றன. ஒரே மரத்துப் பாலில் பிறந்தும், கரையும் குணம் வேறானதால், அவை தீண்டும் மனிதரும் வேறாகிறார்கள். அக்குழந்தைகளை நினைக்கும்போதெல்லாம், தாளில் நான் எழுதும் அந்த ஒற்றை எண் எனக்குப் போதாததாகவே படுகிறது.

அலசலுக்கு அசையாதவற்றைக் குறைக்க, பால் நிலையிலேயே நொதியால் புரதத்தைச் சிதைத்து, மீண்டும் மையவிலக்கியில் சுழற்றுகிறார்கள். அப்போது துகளின் இயற்கைப் போர்வை கழன்று பால் நிலைகுலையத் தலைப்படுவதால், அதன் இடத்தில் சவர்க்காரம் போன்ற நிலைநிறுத்தியைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. அதைக் கூட்டினால் ஏடு படிவது கெடும், குறைத்தால் பால் தொட்டியிலேயே திரளும்.