கண்ணை மறைக்கும் வேலி

புனேயின் கராடியில் ரோ ஹவுஸ் பார்க்கப் போனபோது நான் கேட்ட முதல் கேள்வி சுவரின் உயரம். ஐந்தடி என்றார்கள். முன்பக்கம் மட்டும் அதே உயரத்துக்குக் கம்பி வலை. சிப்பிப்பாறை நாய்க்கு ஐந்தடி ஒரு பொருட்டில்லை என்பது ஊர்க்காரனான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடிவந்த வாரத்திலேயே எங்கள் செவலை அதைத் தாண்டிவிட்டது. 'குத்ரா பளாலா!' (நாய் ஓடிப்போச்சு) என்று மராத்தியில் கத்திய வாட்ச்மேனின் குரலில் கோபத்தைவிட வியப்புதான் அதிகம்.

வலையை ஏழடியாக்கினோம். செவலை தோண்ட ஆரம்பித்தது. ஆற்றோரப் பகுதி என்பதால் எங்கள் தோட்டத்தில் கரிசல் மண்தான். மழையில் அல்வா மாதிரி இளகும், கோடையில் கைவிட்டுப் பார்க்கலாம் போல வெடிக்கும். கோவில்பட்டிக் கரிசலில் பிறந்த நாய்க்கு இது சொந்த மண். வேலியின் அடியில் செங்கல் பதித்தால் செங்கலுக்குப் பக்கத்தில் தோண்டியது. கடைசியில் பலன் தந்தது வேறொரு முறை. இரண்டடி அகலக் கம்பி வலையை வேலியின் அடியோடு சேர்த்துக் கட்டி, உள்பக்கமாகத் தரையில் படுக்கவைத்து, மேலே மண்ணும் கல்லும் போட வேண்டும். நாய் பெரும்பாலும் வேலியின் காலடியில்தான் தோண்டும். நகம் கம்பியில் பட்டதும் விட்டுவிடும். இரண்டடி பின்னால் வந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. எனக்கு இருக்கும் அறிவில் ஒரு பங்கு அதற்கு இருந்திருந்தால் என் பணம் அத்தனையும் போயிருக்கும்.

அப்புறம் ஏசியின் வெளி யூனிட் மேல் ஏறிக் குதித்தது. வேலியை அளந்தவன் வேலிக்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்று அளக்கவில்லை. துளசி மாடம், பழைய சிமெண்ட் தொட்டி, யூனிட் எல்லாமே அதற்குப் படிக்கட்டு. தொட்டியை நகர்த்தலாம், யூனிட்டை எங்கே நகர்த்துவது? சங்கிலி வாங்கி வந்தேன்.

அப்போதுதான் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சங்கிலியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "கட்டிப் போட்டா கோட்டி புடிச்சிரும்யா. அது முயல் புடிக்கிற சாதி. கண்ணுல பட்டுட்டா காலு நிக்காது."

சட்டமும் ஏறக்குறைய அம்மா பக்கம்தான். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது சட்டமல்ல, 'கண்ணுல பட்டுட்டா' என்ற அந்தப் பேச்சு. சிப்பிப்பாறை, கன்னி, மகாராஷ்டிரத்தின் கார்வானி, கர்நாடகத்தின் முதோல் எல்லாமே மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடும் வேட்டை நாய்கள். முயல் வேட்டை இன்று வனவிலங்குச் சட்டப்படி குற்றம். செவலைக்கு அது யாரும் சொல்லவில்லை. கம்பி வலைக்கு அப்பால் பூனை, அணில், டெலிவரி பையனின் ஸ்கூட்டர் என்று நாள் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஏழடிக்கு உயர்த்திக் கொடுத்தது ஒரு பெரிய சினிமாத் திரை.

நர்சரிகளில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலை வாங்கி, தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு இரட்டையாகக் கட்டினோம். கம்பிக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால் காசே இல்லை. காலையில் ஆறு மணிக்கு முன்னால், தெரு எழும் முன்பே, ஆற்றுப் பக்கக் காலி மனையில் நீளக் கயிற்றோடு நன்றாக ஓடவிட்டேன். சில வாரங்களில் செவலை வேலிப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டது. ஏசி யூனிட் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

வேலியால் ஆகாத இரவுகளும் உண்டு. கணபதி விசர்ஜனத்தின் டோல் தாஷா மேளம், தீபாவளியின் லட்சுமி பூஜை இரவின் வெடி. அப்போது நாய் எதையும் துரத்தி ஓடுவதில்லை, தப்பித்து ஓடுகிறது. பச்சை வலையை மட்டுமல்ல, கதவுக் கம்பியையே பல்லால் வளைக்கும். சாயங்காலமே வெளியே கூட்டிப்போய் வந்துவிட்டு உள்ளறையில் விடுகிறோம், ஜன்னலை மூடி ஃபேனை முழு வேகத்தில் வைத்து. கழுத்துப் பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடு வருடம் முழுக்க இருக்கும்.

பக்கத்து வீட்டு காகு (மராத்தியில் சித்தி) இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தன் லாப்ரடாருக்கும் பச்சை வலை கட்டினார். அது மறுநாளே வெளியே நின்றது. எப்படி என்று இரண்டு பேரும் யோசித்தோம். காலையில் மாநகராட்சியின் குப்பை வண்டியான கண்டா காடி மணியடித்து வரும்போது குப்பை வாளியோடு கேட்டைத் திறப்பது காகுதான். லாப்ரடார் போவது அந்த வாளியின் பின்னால். வலையைக் கழற்றி எனக்கே கொடுத்துவிட்டார். இப்போது மணிச் சத்தம் கேட்டதும் முதலில் நாயைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்துகிறார், அப்புறம்தான் வாளியை எடுக்கிறார்.