சிமிழும் டம்ளரும்

வெள்ளிக்கிழமை வந்தால் குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைக்காத வீடு உண்டா? சாமி காரியத்துக்கென்று ஒரு பாத்திரத்தை ஒதுக்கிவிட்டால், அதில் வேறு எதையும் வைக்க நமக்கு மனசு வராது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலிலும் அப்படித்தான். அப்படி ஒதுக்கி வைத்த ஒரு பாத்திரத்தை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போகும் பாக்கியம் சில வருஷங்களாக எனக்குக் கிடைத்திருக்கிறது. பாத்திரம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள்! உள்ளங்கையில் அடங்கிவிடும் வட்டமான மூடி போட்ட சிமிழ். நம் பாட்டிமார் வைத்திருந்த குங்குமச் சிமிழைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். நற்கருணைச் சிமிழ் என்போம்.

நான் இருப்பது தண்டலத்தில். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் கம்பெனிதான். ஷிப்ட் பஸ்களும் கண்டெய்னர் லாரிகளுமாக ரோடு ஒரு நிமிஷம் ஓய்வதில்லை. தென் மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். பிறகு வயதான அம்மா அப்பாவையும் அழைத்து வந்து வைத்துக்கொள்கிறார்கள். சொந்த ஊரில் கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருந்தவர்களுக்கு, இங்கே பூசைக்குப் போவதென்றால் அந்த ரோட்டைக் கடந்தாக வேண்டும். படுத்த படுக்கையாகிவிட்டால் அதுவும் போயிற்று. அவர்களுக்காகத்தான் அந்தச் சிமிழ்.

பூசையில் அர்ச்சிக்கப்பட்ட அப்பம் எங்களுக்கு வெறும் அப்பமல்ல, கிறிஸ்துவின் திருவுடல். வர முடியாதவர்களுக்கு அதை எடுத்துப் போவது நேற்று முளைத்த வழக்கமும் அல்ல. சுமார் கி.பி. 155-ல் எழுதிய புனித ஜஸ்டின், வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பதைச் சொல்லியிருக்கிறார். பிறகு பல நூற்றாண்டுகள் அது குருக்களின் கையில்தான் இருந்தது. 1973 ஜனவரி 29-ல், போப்பாண்டவர் ஆறாம் பவுலின் காலத்தில் வெளியான ஓர் ஆணைதான் என்னைப் போன்ற இல்லத்தரசிகளுக்கும் வழி திறந்துவிட்டது. அந்த ஆணையின் முதல் வார்த்தைகளுக்கு 'அளவற்ற அன்பு' என்று அர்த்தமாம்!

"அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒரு எவர்சில்வர் டப்பா போதாதா?" என்று பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகும்? களிம்பு ஏறி, சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வரும். பூசைக் கிண்ணத்தில் ஊற்றும் திராட்சை இரசமும் புளிப்புதானே! துருப்பிடிக்கக்கூடிய உலோகத்திலோ, தங்கத்தைவிட மதிப்புக் குறைந்த உலோகத்திலோ செய்த பாத்திரமாக இருந்தால், பொதுவாக உட்புறம் பொன் முலாம் பூசவேண்டும் என்று திருச்சபை சொல்கிறது. சிமிழுக்கும் அதே கவனம்தான். கண்ணாடி, மண் போன்ற எளிதில் உடையும் பொருள்கள் ஆகாது என்று 2004-ல் வந்த அறிவுரை கண்டிப்பாகவே சொல்லிவிட்டது.

முலாம் பூசியதை நம் வழக்கப்படி தேய்த்தால் என்ன மிஞ்சும்? புளி, எலுமிச்சை, சாம்பல், தேங்காய் நார், பித்தளைப் பவுடர் எதுவும் கிட்டே வரக்கூடாது. உள்ளே இருந்த துகளையெல்லாம் முறைப்படி எடுத்தான பிறகுதான் கழுவவே வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், தேவைப்பட்டால் காரமில்லாத சோப்பு ஒரு சொட்டு, பழைய மல் துணி. இவ்வளவே போதும். கீல் இருக்கும் இடத்தில் ஈரம் தங்கும். அங்கே துணி முனையைத் திருகி ஒற்றி எடுக்கவேண்டும். வீட்டில் முலாம் பூசிய நகையோ வெள்ளிச் சாமானோ வைத்திருப்பவர்களும் இதைக் கடைப்பிடிக்கலாம். மூடியின் கொக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்ப்பது ரொம்ப முக்கியம்.

சிமிழை வைக்க விரிக்கும் சதுரமான வெள்ளைத் துணிக்குத் திருமேனித் துகில் என்று பெயர். அதை எடுத்த எடுப்பில் வாஷிங் மெஷினில் போடுவதில்லை. முதலில் கையால் அலசி, அந்தத் தண்ணீரை மண்ணில் ஊற்றவேண்டும். கோயிலில் இதற்கென்றே, சாக்கடையில் கலக்காமல் நேரே பூமிக்குள் இறங்கும் தொட்டி உண்டு. அதன்பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். அபிஷேகத் தண்ணீரைக் கால்படாத இடத்தில் ஊற்றுபவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

பாத்திரத்தைப் பேணுவதில் கஷ்டமானது தேய்ப்பதும் துடைப்பதும் அல்ல, வழியில் நடந்துகொள்வதுதான். சிமிழைச் சிறு பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கிற கைப்பையில் போடுவதில்லை. கோயிலிலிருந்து கூடியவரை நேரே நோயாளி வீட்டுக்குத்தான் போகவேண்டும். நடுவில் சொந்த வேலை கூடாது. நமக்கோ வழியில் கீரைக்காரியைப் பார்த்தால் கால் தானாக நின்றுவிடும்! ஷேர் ஆட்டோவில் ஏறினால் யாராவது, "என்னக்கா, எங்க இவ்வளவு காலையில?" என்பார்கள். ஒரு புன்னகையோடு சரி. அந்த அரைமணி நேர மௌனம் முதலில் பாரமாக இருந்தது. பிறகுதான் அதன் பலன் புரிந்தது. வழியெல்லாம் வாயடித்துக்கொண்டு போகிறவள், நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்ததும் சட்டென்று அமைதியாகிவிட முடியுமா?

நோயாளி வீட்டில் செய்யவேண்டியதும் சுலபந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல், சுத்தமான வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன். ஆனால் நோயாளிக்கு ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது. பக்தியிலும் ஜாக்கிரதை வேண்டும்! கைக்கு சானிடைசர் போட்டால் நன்றாகக் காயும்வரை பொறுத்துத்தான் சிமிழைத் திறக்கவேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு மிகச் சிறிய துண்டை ஸ்பூன் தண்ணீரோடு கொடுக்கலாம். மூக்கு வழியாக ட்யூப் போட்டிருந்தாலோ, ஆபரேஷனுக்காக எதுவும் சாப்பிடக்கூடாது என்றிருந்தாலோ, டாக்டரையோ நர்ஸையோ கேட்காமல் கொடுக்கக்கூடாது.

சில சமயம் வாயில் வாங்கியதை நோயாளி துப்பிவிடுவார். வீட்டார் பதறிப்போய், "ஐயோ, என்ன பாவம்!" என்று கிழவரைத் திட்டுவார்கள். திட்டவே கூடாது. அதைச் சுத்தமான தண்ணீரில் போட்டு, முழுவதும் கரைந்தபிறகு கோயில் தொட்டியில் ஊற்றினால் ஆயிற்று. சிமிழில் ஒட்டியிருக்கும் துகளைக்கூட விட்டுவிடாமல் பார்க்கிறோமே, அந்தப் பொறுமையில் பாதியாவது படுத்திருப்பவரிடம் காட்டவேண்டாமா?

இந்த எண்ணம் எனக்கு வலுப்பட்டது ஒரு வீட்டில். புற்றுநோய் வந்த பாட்டி, மகன் கம்பெனியில் ஷிப்ட் வேலை, மருமகள்தான் எல்லாம். ஸ்டூலில் இஸ்திரி போட்ட துணி, புது மெழுகுவர்த்தி, எல்லாம் அமர்க்களமாக இருந்தன. "பாட்டிக்குக் கொஞ்சம் தண்ணி கொடும்மா" என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் அலுமினிய டம்ளர் வந்தது. விளிம்பெல்லாம் கறுத்து, அடியில் பாசி படிந்திருந்தது.

"ஏம்மா, இது மட்டும் தனியா?"

"அது அத்தையோடதுங்க. குழந்தை இருக்கில்ல... ஒட்டிக்கும்னு எல்லாரும் சொன்னாங்க."

நான் கோபப்படவில்லை. குழந்தையை நினைத்துப் பயந்த பெண் அவள். மெதுவாகச் சொன்னேன்: "புற்றுநோய் தொத்து வியாதி இல்லம்மா. ஒரே டம்ளர்ல குடிச்சா வராது. உனக்குச் சந்தேகமா இருந்தா அடுத்த தடவை டாக்டரையே கேளு." காசநோய்கூடக் காற்று வழியாகத்தான் பரவுகிறது, தட்டு டம்ளர் மூலமாக அல்ல. ஆனாலும் எத்தனை வீடுகளில் நோயாளியின் தட்டு வாசல் ஓரம் கிடக்கிறது!

பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. மருமகள் உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். பாட்டி அதை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள்.

பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ நன்மை வாங்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது. பாட்டியை விட்டுவிட்டுப் பூசைக்குப் போக முடியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். "இப்பத்தாங்க காபி குடிச்சேன்" என்று தயங்கினாள். நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்பது விதி. ஆனால் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதில் விலக்கு உண்டு. அவர்களோடு, 'அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும்' என்று 1983-ம் வருஷத்துச் சட்டத்தொகுப்பில் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து கஞ்சி கொடுத்தாள், எப்போது வாயில் ஒரு வாய் போட்டாள் என்று அவளிடம் கணக்குக் கேட்க யாருக்கு மனசு வரும்? நான் கூடுதலாக ஒன்று எடுத்துப் போவது வழக்கம். அன்று இருவருமே வாங்கிக்கொண்டார்கள்.

சாகும் தறுவாயில் கொடுக்கும் நற்கருணைக்கு லத்தீனில் 'வியாத்திக்கும்' என்று பெயர். பிரயாணத்துக்கு எடுத்துப் போகும் உணவு, அதாவது நம் கட்டுச்சோறுதான்! கட்டுச்சோற்றை அழுக்குத் துணியில் யார் முடிவார்கள்? ஆனால் அந்தப் பிரயாணம் வரைக்கும் அவர்கள் நம் வீட்டில்தானே இருக்கிறார்கள். அதுவரை அவர்கள் குடிக்கும் டம்ளரும், சாப்பிடும் தட்டும், எச்சில் துப்பும் கிண்ணமும் நம் கையில்தான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு நோயாளிக்குக் கோயில் பிரசாதம் வரலாம், தர்காவிலிருந்து தண்ணீர் வரலாம், எங்களைப் போல யாராவது சிமிழோடு வரலாம். அவர்கள் வருகிற அந்தப் பத்து நிமிஷம் நீங்கள் அடுப்படிக்கு ஓடாதீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களும் கட்டிலில் இருப்பவரை மட்டும் விசாரித்துவிட்டு வராதீர்கள். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அந்த வீட்டுப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.