எந்த வேலை அலுக்கவில்லை?

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடு தேடி வந்து கேட்பார்கள். "விஸ்காம் எடுத்தா வேலை கிடைக்குமா சார்?" "பெயின்டிங் படிச்சு என்ன பண்றது?" "செராமிக்னா பானை செய்யறதுதானே?" கேட்பவர்கள் பெரும்பாலும் அப்பா அம்மா. பிள்ளை பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். செராமிக் படித்து, அதையே தொழிலாகக் கொண்டு, மாணவர்களுக்குக் கற்றும் கொடுக்கிறேன். நான் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்பேன்: திரும்பத் திரும்பச் செய்தாலும் உனக்கு அலுக்காத வேலை எது?

கண்காட்சியில் நாம் பார்ப்பது முடிந்த பொருளை. நான்கு ஆண்டுகள் நாம் வாழப்போவதோ அதற்கு முந்தைய வேலையோடு. என் துறையையே சொல்கிறேன். மண்ணைப் பிசைந்து காற்றுக் குமிழ்களை வெளியேற்றவே காலை வேளை போய்விடும். சக்கரத்தில் மண்ணை நடுவில் நிறுத்தப் பழகுவதற்குள் பலருக்குப் பொறுமை போய்விடும். ஈரமண் காய்ந்து, சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் ஜாடியையும் மூடியையும் ஒரே மண்ணில் செய்து ஒன்றாகவே காயவைக்க வேண்டும். உள்ளே ஈரம் இருக்கச் சூளையில் வைத்தால் நீராவி பாத்திரத்தை உடைத்துவிடும். 573 டிகிரி செல்சியஸில் மண்ணிலுள்ள குவார்ட்ஸின் அமைப்பு மாறுகிறது. அந்த இடத்தைச் சூடேறும்போதும் ஆறும்போதும் நிதானமாகக் கடக்காவிட்டால் விரிசல் விழும்.

மெருகுப் பூச்சு இன்னொரு பாடம். பூசும்போது தெரியும் நிறம் வேறு, சுட்டபின் வரும் நிறம் வேறு. செம்பு கலந்த பூச்சு, காற்று தாராளமாக உள்ள சூளையில் பச்சையாகும். காற்றைக் குறைத்துச் சுட்டால் சிவப்பாகும். தீட்டிய உடனே வண்ணத்தைப் பார்த்தாக வேண்டும் என்ற மனம் உள்ளவருக்கு இந்தக் காத்திருப்பு தண்டனை. ஒவ்வொரு சூட்டையும் நோட்டில் குறித்துவைத்து, அடுத்த சூளைக்காக ஆவலோடு காத்திருப்பவருக்கோ இதைவிட இன்பம் இல்லை.

மற்ற துறைகளுக்கும் இப்படி ஒரு பின்கட்டு உண்டு. பிரிண்ட்மேக்கிங்கில் கல்லச்சு எடுப்பவர், முந்தைய படம் அழியும்வரை கல்லின் மேல் கல்லை வைத்துத் தேய்க்க வேண்டும். எழுத்தென்றால் இடவலம் மாற்றி எழுத வேண்டும். டெக்ஸ்டைலில் ஒரு கெஜம் நெய்வதற்கு முன்பே பாவு இழைகளை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். ஒரு இழை தவறினால் துணி முழுக்கத் தெரியும். சிற்பத்தில் உள்கூடு கட்டி, களிமண்ணில் உருவம் செய்து, அச்சு எடுக்கையில் அந்த உருவத்தையே இழக்கத் துணிய வேண்டும். விஸ்காமில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் சுழியும் ஒன்றையொன்று இடிக்காமல் இடைவெளி பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் மாற்றச் சொன்னால் மலர்ந்த முகத்தோடு மாற்ற வேண்டும். ஓவியத்தில் மாதக் கணக்கில் யாரும் கேள்வி தரமாட்டார்கள். வெற்றுக் கேன்வாஸின் முன் தன் கேள்வியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். கடினமான துறை என்று நான் ஒன்றைச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

தன் கேள்வியா, பிறர் தேவையா என்ற இந்த வேறுபாடு பட்டத்தின் பெயரிலும் இருக்கிறது. பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலை) பெரும்பாலும் நம் கேள்வியை நாமே தொடர்வதற்கான படிப்பு. பி.டெஸ். (வடிவமைப்பு இளநிலை) இன்னொருவரின் தேவையைப் புரிந்துகொண்டு அதற்கு வடிவம் தருவதற்கான படிப்பு. இரண்டுமே நான்கு ஆண்டுகள். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி; அதன் பிறகே துறை. அப்படி ஓர் ஆண்டு கிடைப்பவர்கள் அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் செலவழிக்கக் கூடாது. ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டுப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு அது.

விரும்பிய துறை கிடைக்காமல் வருபவர்களும் இருக்கிறார்கள். ஆனி ஆல்பர்ஸ் 1922இல் ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் சேர்ந்தபோது ஆசைப்பட்டது கண்ணாடித் துறைக்கு. கிடைத்தது நெசவு. அந்த நூலிலேயே தன் கேள்விகளைக் கண்டார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய நெசவுகளுக்கென்றே தனிக் கண்காட்சி வைத்தது.

எடுத்த துறையிலேயே ஆயுள் முழுக்க இருக்க வேண்டும் என்பதுமில்லை. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே ஓவியம் படித்த எஸ். தனபால் சிற்பியாகப் பெயர் பெற்று, அக்கல்லூரிக்கே முதல்வரானார். ஓவியம் படித்த ஆதிமூலம் தமிழ் நூல் அட்டைகளிலும் பத்திரிகைகளிலும் எழுத்துக்குப் புது முகம் தந்தார். டிராட்ஸ்கி மருது ஓவியத்திலிருந்து அனிமேஷனுக்கும் சினிமாவுக்கும் போனார். அதே கல்லூரியில் கற்பித்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தபோது, நிலம் வாங்கக் கைகொடுத்தது ஓவியர்களும் சிற்பிகளும் பத்திக் துணி போன்ற கைவினைகளை விற்றுச் சேர்த்த பணம். ஒரு பொருளோடு ஆழமாகப் பழகிய கை, இன்னொரு பொருளையும் சீக்கிரம் புரிந்துகொள்ளும்.

எனவே சேர்வதற்கு முன் கல்லூரிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆண்டுக் கண்காட்சி நாளில் வேண்டாம். சாதாரண வேலை நாளில் போங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் அருகே அனுமதி கேட்டு அரை நாள் உட்காருங்கள். முடிந்தால் ஊர்க் குயவர் வீட்டிலோ தறிக்கூடத்திலோ அச்சகத்திலோ சில நாள் எடுபிடி வேலை செய்யுங்கள். பெற்றோரும் உடன் வந்து பார்க்கட்டும்.

வேலை கிடைக்குமா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: அலுப்பில்லாமல் செய்யும் வேலையில்தான் கை திருந்துகிறது. திருந்திய கையைத் தேடித்தான் வேலை வருகிறது.