எந்தக் கால் முன்னே?

“ஒரு நாள் கூத்துக்கு மீசையச் சிரைச்ச கதையா இருக்குடி” என்றாள் அம்மா. பாகூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஸ்னோபோர்டு என்ன விலை என்று செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு 44 வயது. வில்லியனூர் கொம்யூனில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை. சிரைப்பதற்கு மீசை இல்லை. ஆனால் பெண் தன் ஆசைக்கு நாலு காசு செலவழிக்கப் போனால், அவளுக்கும் இந்தப் பழமொழிதான்.

ஸ்னோபோர்டு என்பது பனியில் சறுக்கும் ஒற்றைப் பலகை. ஸ்கீயில் காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள் இருக்கும். இதில் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நின்றபடி இறங்க வேண்டும். மழை பெய்தாலே மஃப்ளர் தேடும் ஊரில் இருந்துகொண்டு இதை எதற்குப் பார்த்தேன் என்றால், தங்கை கிரெனோபிளில் இருக்கிறாள். வில்லியனூர் சொல்தா குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மாமனாரின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம். பிப்ரவரிப் பள்ளி விடுமுறையில் எல்லோரும் ஷாம்ரூஸ் மலைக்குப் போவதாகவும் நானும் வர வேண்டும் என்றும் கூப்பிட்டிருந்தாள். கூடவே ஒரு பட்டியல்: சாம்பார்த் தூள், மிளகாய்த் தூள், வடகம், அப்பளம். பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு அங்கே என்ன வேலை என்று புரிந்துவிட்டது. அவர்கள் சறுக்கிவிட்டு வரும்போது குழம்பு கொதிக்க வேண்டும்.

தங்கையின் மூத்த மகள்தான், “பெரியம்மா, நீங்களும் போர்டு கத்துக்குங்க” என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்வி, வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை அந்தப் பதினாறு வயதுப் பெண் தாண்ட வைத்துவிட்டாள்.

கணக்கு கடினமில்லை. நான் பார்த்த விலையில் பலகை, பைண்டிங் என்ற கால்பூட்டு, பூட்ஸ் மூன்றும் சேர்த்துப் புதிதாக வாங்க 550 யூரோ. ஆறு நாள் வாடகை 120 யூரோ. நாலைந்து குளிர்காலம் தொடர்ந்து போனால்தான் வாங்குவது கட்டும். விமானத்தில் பலகையைத் தூக்கிப் போகும் கட்டணம் தனி. அதோடு கற்றுக்கொள்கிறவளுக்கு வளைந்து கொடுக்கும் மென்மையான பலகை வேண்டும். கொஞ்சம் தேறியதும் அது போதாமல் போகும். ஆகவே வாடகைதான். இதில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டையே இல்லை.

ஆனால் வாடகை என்ற சொல் எனக்கு அவ்வளவு சுலபமானதல்ல. நான் படித்த காலத்தில் பாகூரில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. பையன் என்றால் பெயரையும் தெருவையும் சொன்னால் போதும், நோட்டில் மணியை எழுதிக்கொண்டு சைக்கிளைக் கொடுப்பார். பெண் போனால் “அப்பாவக் கூட்டிட்டு வா” என்பார். அண்ணன் எடுத்துவந்து ஐம்பது நிமிடம் ஓட்டிவிட்டு, திருப்பிக் கொடுக்கப் போகும் முன் எனக்குப் பத்து நிமிடம் தருவான். அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில்தான் நான் சைக்கிள் கற்றுக்கொண்டேன். 90களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். எங்கள் ஊருக்கு அந்தக் காற்று வரவில்லை. வாங்குவதற்குக் காசு வேண்டும். வாடகைக்கு எடுக்க, நம்மை நம்பும் ஒருவர் வேண்டும்.

இந்த முறை என் சம்பளக் கார்டிலேயே முன்பதிவு செய்தேன். படிவம் பெயருக்கு அடுத்து உயரம், எடை, வயது, கால் அளவு எல்லாம் கேட்டது. வீடியோ அழைப்பில் இருந்த தங்கை, பின்னால் கணவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, “எடை 65ன்னு போடுக்கா” என்று கிசுகிசுத்தாள். நான் 78.

அவளும் அப்படித்தான் போடுவாளாம். எனக்குத் திக்கென்றது. அவள் ஓட்டுவது ஸ்கீ. ஸ்கீ பூட்டு, விழும்போது காலை விடுவித்துவிட வேண்டும். எவ்வளவு விசையில் விடுவிக்க வேண்டும் என்பதைக் கடைக்காரர் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளம், ஓட்டும் திறமை ஆகியவற்றைப் பார்த்துத்தான் திருகி வைக்கிறார். பத்துப் பதினைந்து கிலோவைக் குறைத்துச் சொன்னால், விழாமலே பூட்டு கழன்றுகொள்ளும். கூட்டிச் சொன்னால் விழுந்தும் கழலாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முழங்காலின் முன்பக்கத் தசைநார் கிழிவது ஸ்கீ ஓட்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஸ்னோபோர்டுப் பூட்டு கழல்வதே இல்லை, ஆனால் பலகையின் நீளத்தையும் விறைப்பையும் எடைதான் தீர்மானிக்கிறது. கல்யாணப் பேச்சிலிருந்து ரேஷன் கடை வரிசை வரைக்கும் நம் உடம்பைப் பற்றி ஊரே பேசுகிறது. அது உண்மையிலேயே தேவைப்படும் ஒரே இடத்தில் நாம் பொய் சொல்கிறோம். 78 என்று போட்டேன். அவள் எண்ணையும் திருத்தச் சொன்னேன்.

எதை வாடகைக்கு எடுக்கக் கூடாது என்பதற்கும் ஒரு பட்டியல் தேறியது. உடம்போடு ஒட்டும் உள்ளாடை, காலுறை, கையுறை சொந்தமாக இருக்க வேண்டும். பருத்தி கூடாது. நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும். நம் ஊர் வெயிலுக்குத் தெய்வம் போன்ற துணி அங்கே எதிரி. புதிதாகப் பழகுகிறவர்கள் விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வார்கள் என்று மகள் எச்சரித்திருந்தாள். நேரு வீதியில், பிள்ளைகள் ரோலர் ஸ்கேட்டிங்குக்குப் போடும் மணிக்கட்டுக் காப்பு வாங்கினேன். “பாப்பாவுக்கு எத்தனை வயசுக்கா?” என்றார் கடைக்காரப் பையன். “நாப்பத்திநாலு” என்றேன்.

யாரும் சொல்லாத ஒன்றை நானே கண்டுபிடித்தேன். தங்கை இரவல் கொடுத்த கால்சட்டை தோள்பட்டை வார் வைத்தது. மாதவிலக்கு நாளில் மலை உச்சிக் கழிப்பறையில் கோட்டைக் கழற்றி, வாரைக் கழற்றி, கையுறையைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் பட்ட பாடு! இரவல் என்றாலும் வாடகை என்றாலும் இடுப்போடு நிற்கும் கால்சட்டையையே கேளுங்கள்.

ஷாம்ரூஸ் வாடகைக் கடையில் ஈர உல்லனும் ரப்பரும் கிருமிநாசினியும் கலந்த வாடை. பெண்கள் பூட்ஸ் எதிலும் என் கால் நுழையவில்லை. வரப்பில் வெறுங்காலோடு நடந்து விரல்கள் விரிந்த கால் இது. கடைசியில் ஆண்கள் பூட்ஸ்தான் பொருந்தியது. அந்தப் பெண் அதை எந்தச் சங்கடமும் இல்லாமல் எடுத்துக்கொடுத்துவிட்டு, “எந்தக் கால் முன்னே?” என்று கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள்.

“வலது கால்” என்றேன். யோசிக்கவே இல்லை. புகுந்த வீட்டுக்குள் எடுத்துவைத்த கால் அது. மூன்று வருடம் கழித்து அங்கிருந்து வெளியே வந்தபோது எந்தக் காலை எடுத்துவைத்தேன் என்று நினைவில்லை. அதற்குச் சாஸ்திரம் ஏதும் கிடையாது.

மகள் சிரித்துக்கொண்டே பின்னால் வந்து சட்டென்று என்னைத் தள்ளினாள். தடுமாறி முன்னே ஊன்றியது இடது கால். தள்ளிவிட்டால் தானாக எந்தக் கால் முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுதான் பலகையிலும் முன்னே நிற்குமாம். கடைப்பெண் பூட்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினாள்.

முதல் நாள் விழுந்தேன். இரண்டாம் நாளும் விழுந்தேன். நாலு வயதுக் குழந்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. குழம்பு கொதிக்கவில்லை, தங்கை கணவர் ரொட்டியும் சீஸும் வாங்கிவந்தார், யாரும் பட்டினி கிடக்கவில்லை. ராத்திரி வலி மருந்து தேய்த்துவிட்டபடி மகள் கதை சொன்னாள். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீக் கட்டைகளைச் சேர்த்து ஒரு பலகை செய்தார். அதுதான் ஸ்னோபோர்டின் முன்னோடி. அதற்கு ‘ஸ்னர்ஃபர்’ என்று பெயர் வைத்தவர் அவர் மனைவி நான்சி. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டு முதன்முதலாக வந்தபோதே பெண்களுக்கும் போட்டி இருந்தது. தங்கம் வாங்கியவர்களில் ஒருவர் பிரான்சின் கரீன் ரூபி. ஸ்கீ தாண்டும் போட்டியிலோ பெண்கள் 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்பிள்ளைகளுக்காகச் செய்த பொம்மையாகத் தொடங்கிய ஒன்று என்பதாலேயே எனக்கு அந்தப் பலகையின் மேல் பாசம் கூடிவிட்டது.

நாலாம் நாள், பிள்ளைகள் பழகும் சின்னச் சரிவில், இடது கால் முன்னே இருக்க, நாற்பது மீட்டராவது இருக்கும், விழாமல் இறங்கினேன். பார்க்க யாரும் இல்லை. மகள் மேலே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

கடைசி நாள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடை மூலையில் பழைய வாடகைச் சரக்கைக் குறைந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஆறு நாள் போட்ட பூட்ஸும் அந்த ரகம்தானாம், கேட்டால் கொடுப்பார்களாம். 40 யூரோ. பலகை எந்தக் கடையிலும் கிடைக்கும். என் காலுக்குப் படிந்த பூட்ஸ் கிடைக்காது என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். “அடுத்த வருஷமும் வருவீங்களா என்ன?” என்றார் தங்கை கணவர். பதில் சொல்லாமல் கார்டை நீட்டினேன்.

பெட்டியில் எடை ஏறியதால் சொந்தக்காரர்களுக்கு வாங்கிய சென்ட் பாட்டில்களையும் சாக்லேட்டையும் பாதிக்கு மேல் தங்கை வீட்டிலேயே விட்டுவந்தேன். வில்லியனூரில் அது இன்னும் பேச்சாக இருக்கிறது.

பூட்ஸ் பாகூர் வீட்டுப் பரணில் இருக்கிறது. எலி குடியேறிவிடும் என்று அம்மா உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்திருக்கிறாள். அமாவாசைக்கு அமாவாசை இறக்கி, தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றி வைக்கிறாள்.